அப்பா சொன்ன சாட்சியைத் திருத்துகிறேன்

சபையாருக்கு ஸ்தோத்திரம். என் பெயர் ஜெபா. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். திருவனந்தபுரத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். போன வருடம் மார்ச் மாதம் என் அப்பா இதே சபையில் எனக்காகச் சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி உண்மையல்ல. அப்பாவுக்கு அது அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆறு மாத ஆராய்ச்சிக்காக ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு பொருளின் மெல்லிய படலத்தைக் கடுங்குளிரில் வைத்து, அதன் மின்தடை திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் பெரிய கண்டுபிடிப்பு. நான்கு மாதம் பார்த்தேன். விழவில்லை. திருவனந்தபுரத்தில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியருக்குக் கரமனையில் வீடு, என்னோடு தமிழில்தான் பேசுவார். வாராவாரம் கூப்பிட்டு, "இன்னும் ஒண்ணும் வரலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வெளியே பனி. பேச ஆள் இல்லை. மதியச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தேன். "கர்த்தாவே, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திரையில் கோடு செங்குத்தாக விழுந்தது. கணினி முன்னாலேயே முழங்கால்படியிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டேன். "மோளே, ஆண்டவர் நம்மளைக் கைவிடல்லல்லோ!" என்று அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமையே உங்களிடம் சொன்னார். பேராசிரியர் பத்தே நாளில் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். அதில் என் பெயர்தான் முதலில்.

அதற்குப் பிறகு, இன்னொரு அளவீட்டுக்காகப் படலத்தை வெளியே எடுத்தேன். மின்னழுத்தத்தை அளக்கும் கம்பியை ஒட்டியிருந்த வெள்ளிப் பசையில் முடி அளவு விரிசல். குளிரில் கம்பி விட்டுப்போயிருக்கிறது. கம்பி தொடாததால் கருவி பூஜ்யம் காட்டியிருக்கிறது. புதிதாக ஒட்டி மூன்று முறை குளிர்வித்தேன். கோடு விழவே இல்லை. அற்புதம் என்று நான் முழங்கால்படியிட்டது, நானே சரியாக ஒட்டாத ஒரு பசைக்கு.

பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஒரு தடவை வந்துதோல்லியோ? அது போறும். பேப்பர் அனுப்பியாச்சு. நீ இதை யார்கிட்டயும் பறையண்டாம்."

"கம்பி விட்டுப்போனதால வந்தது சார் அது."

"எஸ்டேட்லேர்ந்து ஒரு பொண்ணு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். அதை நீயே கெடுத்துக்காதே."



உங்களிடம் மறைக்க மாட்டேன். முதலில் நான் உண்மைக்காக ஜெபிக்கவில்லை. கோடு மறுபடியும் விழட்டும் என்று ஜெபித்தேன். விழவில்லை. யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று ஜெபித்தேன். அப்படிக் கேட்ட பிறகு வேதத்தைத் திறக்கக்கூட முடியவில்லை. மூன்று நாள் கழித்து, "இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை கூட இரும்" என்று கேட்டேன். அது மட்டும் கிடைத்தது. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதி, விரிசலின் படத்தையும் வைத்து அனுப்பினேன்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கு வந்தபோது என் மேசை காலி செய்யப்பட்டிருந்தது. பேராசிரியர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பதினொரு மாதம் வழிகாட்டி இல்லாமல் அலைந்தேன். கூடப் படித்தவர்கள் நூலகத்தில் என்னைக் கண்டால் வேறு மேசைக்குப் போனார்கள். கடைசியில் ஒரு பேராசிரியை, நான் எழுதிய கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நாளைக்கு வா, ஆனா ஆதியிலேர்ந்து தொடங்கணும்" என்றார். நான்கு வருட உழைப்பு போய்விட்டது. இந்தக் கதவு திறந்ததற்குத் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்பா ஏன் சபைக்கு வருவதில்லை என்று பலர் கேட்டீர்கள். "மோளோட பேர் பேப்பர்ல வந்துச்சா?" என்று அவரிடம் நீங்கள் அன்பாகத்தான் கேட்டீர்கள். நடந்ததை எல்லாம் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்று நான் சொல்லப்போகிறேன் என்றதும், "நீ ஒண்ணும் பேசாம, மிண்டாம இருந்திருக்கலாம், மோளே" என்றார். என்னோடு சபைக்கு வரச் சட்டை மாற்றவில்லை.

இன்று நான் அளக்கும் எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் அற்புதம் என்று சொல்வதில்லை. ஜெபத்தையும் அப்படித்தான் செய்கிறேன். கேட்டது உடனே கிடைத்தால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அவரை விட்டுப் போய்விடாதீர்கள். நான் கேட்டதை அவர் இரண்டு தடவை மறுத்தார். மறுத்தவர் என் பக்கத்தில்தான் இருந்தார். அதை நம்பித்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன், நீங்களும் நம்புங்கள்.

ஆராதனை முடிந்து எங்கள் வீட்டு வழியாகப் போகிறவர்கள், அப்பாவிடம் என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிக் கூப்பிடுங்கள்.