மண்ணெண்ணெய் ட்ராக்டரும் இராகு காலமும்

ட்ராக்டர் ஓட்டுவதில் எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த கூத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் நான் பயந்துபோய்த்தான் அப்படிச் செய்தேன் என்று நினைக்கிறார்கள். சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் பதினெட்டு வருடமாக ஸ்டாப்ளர் ஓட்டுகிறேன். ஸ்டாப்ளர் என்றால் சுமை தூக்கும் வண்டி. கண்ணாடிப் போத்தல் பெட்டிகளை மேல்தட்டில் ஒரு கையால் ஏற்றி வைத்துக்கொண்டே மற்றக் கையால் மூக்கைச் சொறிகிறவள் நான். பயம் வேறு, இராகு காலம் வேறு.

கிடங்கில் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவரை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம்; இங்கத்து ஜெர்மனில் அது சமையல்காரர் இல்லை, மேலதிகாரி. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அவர் ஷெஃப்தான். அவருடைய பிரியாவிடை விருந்தன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கள் ஊரில் என் தகப்பனாரின் பழைய ட்ராக்டர் ஒன்று நிற்கிறது, வந்து பார்" என்றார். வேறு யாரையும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே நானும் என் கணவரும் போனோம்.

கொட்டகைக்குள் நின்றது சாம்பல் நிற வண்டி. இரண்டு சிலிண்டர். என்னைவிட வயது கூடியது. முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைக் கொளுவிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஷெஃப் ஒரு பெரிய இரகசியம் சொல்கிற தோரணையில் விளக்கினார்: இதைச் சின்னத் தாங்கியில் இருக்கிற பெட்ரோலில் கிளப்ப வேண்டும், எஞ்சின் சூடானதும் பெரிய தாங்கிக்கு மாற்றி மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பெட்ரோல் கண்ணால் காணக் கிடைக்காது. சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் வைத்திருந்து, சொட்டுச் சொட்டாக விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்புவோம். அண்ணைக்குப் பின்னால் ஏறியிருந்து அந்தப் போத்தலைக் காவியது நான். வழியில் நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பதும் நான்தான். அண்ணையின் வெள்ளைச் சேர்ட்டில் அழுக்குப் படக்கூடாதே.

இதைச் சொன்னதும் ஷெஃப் கைப்பிடியை என்னிடம் நீட்டி, "அப்படியானால் சுற்று" என்றார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு இரண்டு வருடம், ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் அங்கேதான். என் கணவர் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறவர். வீட்டிலும் வேலையிலும் கிடைக்காத அமைதி அந்தக் கொட்டகை வாசலில் கிடைக்கிறது என்று சொல்லி, ஒரு கதிரையைப் போட்டுத் தூங்குவார். நானும் ஷெஃப்பும் கையில் எண்ணெயோடு நிற்போம். பிறகு ஷெஃப்புக்கு இடுப்பில் இரண்டு தரம் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஊன்றுகோல் இரண்டோடு நடக்கலாம், ட்ராக்டரில் ஏற முடியாது. அவருடைய மனைவி கொட்டகையைத் துப்புரவாக்கச் சொன்னார். பேர்ண் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியை வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆகஸ்ட் மாதம் பக்கத்து ஊரில் பழைய ட்ராக்டர்களின் பெரிய ஒன்றுகூடல் வந்தது. ஷெஃப் என்னிடம் நேராகவே சொன்னார். "நீ ஓட்டு. திடலைச் சுற்றி, மேடையைக் கடந்து, தன் சொந்தச் சக்தியில் திரும்பி வந்தால் வண்டி உனக்கு. கொட்டகையில் இடத்துக்கு என் மனைவியோடு நான் கதைக்கிறேன். வழியில் நின்று கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தால், அந்த மனிதர் ஏற்றிக்கொண்டு போகட்டும். ஓடாத ட்ராக்டரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது."

எனக்கு அந்த வண்டி வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதைக் கணவருக்குக்கூட நான் சரியாகச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாங்கியதெல்லாம் தேவைக்கு வாங்கியவை. வீடு தேவை, கார் தேவை, பிள்ளைகளின் படிப்பு தேவை. ஒரு பிரயோசனமும் இல்லாத, ஆசைக்கு மட்டும் ஆசைப்பட்ட பொருள் இது ஒன்றுதான்.

ஒன்றுகூடலன்று காலை நானே வயல் வீதியால் ஓட்டிக்கொண்டு போனேன். அறுவடை முடிந்த கோதுமை வயல். வரிசை வரிசையாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ட்ராக்டர்கள், வயல் முடிகிற இடம் தெரியவில்லை. ஒரு பக்கம் சொசேஜ் சுடுகிற கூடாரம், மறுபக்கம் வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்து ஆப்பிள் சாறு குடிக்கிற குடும்பங்கள். எங்கள் வண்டியைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் கணவரிடம்தான் கேள்வி கேட்டார்கள். கியர் எத்தனை, காபரேட்டர் பழையதா புதிதா என்று. அவர் வாயில் மட்டன் ரோலோடு என்னைக் கையால் காட்டுவார். நான் பதில் சொல்லத் தொடங்கியதும் சிலர் இன்னும் நெருங்கி வந்தார்கள், சிலர் மெதுவாக நழுவினார்கள். இரண்டு வகையையும் எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் ஒழுங்கமைப்பாளர் ஒரு துண்டுச் சீட்டுத் தந்தார். எங்கள் வரிசை புறப்படும் நேரம் நாலே முக்கால்.

ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்கால்.

தமிழர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை இராகு காலம். எங்கள் குசினியில் தொங்குகிற நாட்காட்டியில் தினமும் போட்டிருக்கும், நான் அதைப் பார்க்காமலே சொல்வேன். ஸ்டாப்ளர் சோதனைக்குப் போனபோதும் நேரம் பார்த்தேன், வீட்டுக்குக் கையெழுத்து வைத்தபோதும் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே பொருளை இராகு காலத்திலா கிளப்புவது?

"இஞ்சருங்கோ, நாலரைக்கு முன்னம் ஸ்டார்ட் பண்ணிப்போட்டு அப்பிடியே விடப்போறன். தொடக்கம் நல்ல நேரத்திலை நடந்ததாய் இருக்கும்" என்றேன்.

"இஞ்சரும், மண்ணெண்ணெயிலை சும்மா ஓடவிட்டால் பிளக் கரி பிடிக்கும் எண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்?"

"அரை மணித்தியாலத்திலை ஒண்டும் ஆகாது."

"உமக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர்க் குடுவையைத் திறந்தார். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த வசனத்தை அவர் சொன்ன போதெல்லாம் நான் பிழையாகத்தான் இருந்திருக்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை.

நாலு ஐந்துக்குக் கிளப்பினேன். பெட்ரோல் தாங்கி சின்னது, முடிந்துவிடும் என்று சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். ஷெஃப் அப்போது பக்கத்தில் இல்லை. சொசேஜ் கூடாரத்தில் பேர்ண்காரரோடு உட்கார்ந்திருந்தார். செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு ஒழுங்கமைப்பாளர் வந்து, புகை குழந்தைகளுக்குப் போகிறது, எஞ்சினை நிறுத்துங்கள் என்றார். "நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது" என்று சுத்தமான சுவிஸ் ஜெர்மனில் பொய் சொன்னேன். இராகு காலத்துக்கு ஜெர்மனில் என்ன சொல்வது? அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே பொய்.

நாலே முக்காலுக்கு வரிசை நகரவில்லை. முன்னால் ஒரு வண்டிக்கு டயர் காற்றுப் போய்விட்டது. ஐந்து மணி. ஐந்தே கால். எஞ்சினின் சத்தம் மாறுவது எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காதவள்போல இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாகப் புறப்பட்டோம். முதல் வளைவு நன்றாகவே போனது. மேடைக்கு நேரே, ஒலிபெருக்கியில் "டீட்டிகோனிலிருந்து வந்திருக்கிற அம்மணி" என்று அறிவிப்பாளர் தொடங்கிய அந்த இடத்தில், வண்டி இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் ஒரு குலுக்கலோடு நின்றது.

பின்னால் வந்தவர்கள் என்னை விலத்திக்கொண்டு போனார்கள். தூரத்தில் இழுவைக்கென்று நிறுத்தி வைத்திருந்த பெரிய ட்ராக்டர் கயிற்றோடு புறப்பட்டது. கூடாரத்து வாசலில் ஷெஃப் ஊன்றுகோலில் நின்றார், பக்கத்தில் பேர்ண்காரர். என் வண்டி போகப்போகிறது. நான் அறிந்து, தெரிந்து, என் கையாலேயே கெடுத்த வண்டி. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகை வரவில்லை, அது ஒரு நல்ல காலம்.

இறங்கினேன். இருக்கைக்குக் கீழிருந்து ஸ்பானரை எடுத்து முதல் பிளக்கைக் கழற்றினேன். கருகருவென்று ஈரக்கரி. அதற்குள் கணவர் திடலோரத் தடுப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடி வந்தார். நான் கேட்காமலே கைலேஞ்சியை நீட்டினார். பிளக் சுட்டது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டாவதையும் அப்படியே செய்தேன். சின்னத் தாங்கியின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தது. தண்ணீர்ப் போத்தல் மூடியில் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில சொட்டு விட்டேன். மருந்துப் போத்தலில் விட்ட அதே அளவு. கைக்கு மறக்கவில்லை. குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பிவிட்டு, பிளக்குகளை இறுக்கினேன்.

கயிற்றோடு வந்தவர் பக்கத்தில் நிறுத்தி, "கட்டட்டுமா?" என்று கேட்டார்.

"பொறுங்கள்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. அவர் பொறுத்தார்.

கைப்பிடியைக் கொளுவினேன். "மணி என்ன?" என்று கணவரைக் கேட்டேன்.

"அஞ்சரை. கேளாதையும், சுத்தும்."

நட்ட நடு இராகு காலம். எந்த நேரத்தில் இந்த வண்டியைக் கிளப்பக்கூடாதென்று ஒன்றேகால் மணித்தியாலம் புகை குடித்து, பொய் சொல்லி, பிளக்கைப் பாழாக்கினேனோ, அதே நேரத்தில் அத்தனை பேர் முன்னால் சுற்ற நிற்கிறேன். ஒரு கணம் கை நின்றது, ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு சுற்றினேன். பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் ஒரு உறுமல். மூன்றாம் தரம் முழு உடம்பையும் போட்டுச் சுற்றினேன். பிடித்தது.

மேடையிலிருந்து கைதட்டினார்கள் என்று கணவர் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மிச்சச் சுற்றை முழு வேகத்தில் ஓட்டி, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். யாரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை.

கூட்டம் குறைந்து வெயில் சாய்ந்த நேரத்தில் ஷெஃப் ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்தார். "மண்ணெண்ணெயில் எவ்வளவு நேரம் சும்மா ஓடவிட்டாய்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒழுங்கமைப்பாளரிடம் சொன்ன பொய்யை இவரிடம் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வருடம் ஒரே எண்ணெய்த் துணியில் கை துடைத்தவர்கள் நாங்கள். உள்ளதைச் சொன்னேன். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை எங்களுக்குக் கூடாத நேரம், அதில் ஒன்றும் தொடங்கமாட்டோம், அதனால்தான் முன்கூட்டியே கிளப்பிவிட்டேன் என்று. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் தகப்பனார் நிலவு பார்க்காமல் மரம் தறித்ததே இல்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, கிடங்கில் சரக்குச் சீட்டைச் சரிபார்க்கிற அதே குரலில் கேட்டார்: "அந்த நாலரை எந்த நாட்டு நேரம்?"

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். கணவர் தொலைபேசியை எடுத்தார். அவருடைய விரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"இஞ்சரும். இராகு காலம் சூரியன் உதிக்கிறதையும் படுகிறதையும் வைச்சுத்தானாம் கணக்கு. நாலரை எண்டது ஊரிலை, ஆறு மணிக்குச் சூரியன் படுகிற இடத்திலை. இஞ்சை இண்டைக்குப் படுகிறது எட்டரைக்கு."

"அப்ப?"

"அப்ப நீர் சுத்தினது நல்ல நேரத்திலைதான். இண்டைக்கு இராகு காலம் ஆறே முக்காலிலையிருந்து எட்டரை மட்டும்."

இத்தனை வருடமும் இந்த நாட்டில் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் பயந்து நடந்திருக்கிறேன். எத்தனை நல்ல நேரங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேனோ, எத்தனை கெட்ட நேரங்களில் துணிந்து இறங்கினேனோ, தெரியாது. ஸ்டாப்ளர் சோதனை எதில் நடந்தது? வீட்டுக் கையெழுத்து? எல்லாம் நன்றாகத்தானே நடந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிறு குலுங்கச் சிரிப்பும் வந்தது. ஷெஃப்புக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவரும் ஊன்றுகோல் ஆடச் சிரித்தார்.

பிறகு அவர் ஒரு ஊன்றுகோலை வண்டியில் சாய்த்துவிட்டு, எஞ்சினின் முன்பக்கமிருந்து இரும்புக் கைப்பிடியைக் கழற்றினார். தன் காற்சட்டையிலேயே அதைத் துடைத்து, என் பக்கம் நீட்டினார். "உன்னுடையது" என்றார்.

கணவர் மெல்ல என் காதருகே வந்தார். "இப்பதான் இராகு காலம் தொடங்கிக் கிடக்கு. எட்டரை மட்டும் பொறுத்து வாங்குமன்."

கூடாரத்து வாசலில் பேர்ண்காரர் இன்னும் வீட்டுக்குப் போகாமல், வண்டியை ஏற்றக் கொண்டுவந்த வெறும் இழுவைப் பெட்டியோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். மணி ஏழு பத்து.