லேடீஸ் பெட்டி, ஜன்னலோரம்

நடந்தது இதுதான்:

1. புத்தூர் ஸ்டேஷனில் டிபன் பாக்ஸோடு நின்ற ஒருவன், "ரயில்ல துணியில பூ போட்டுக்கினு போவுமே, அது எங்க அக்கா. எந்தப் பெட்டிம்மா? சோறு குடுக்கணும்" என்று கேட்டான்.

2. "லேடீஸ் பெட்டி, ஜன்னலோரம்" என்று நான் சொன்னேன்.

3. ரயில் கிளம்பியதும் அவன் அந்த அக்காவின் மணிக்கட்டை முறித்தான்.

ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. நான் புத்தூரில் ஏறுவேன்; அந்த அக்கா அதற்கு முன்பே நகரியில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பார். எட்டு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டோம். அதிகம் பேச்சு கிடையாது. என் நூல் தீர்ந்தால் கேட்காமலே தன்னுடையதை நீட்டுவார். அந்த அரை மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவன் தம்பி இல்லை. அக்கா விட்டுவிட்டு வந்த புருஷன். "என்னிய வுட்டுட்டு வந்து பூ போட்டுக்கினு கீறியா?" என்று முடியைப் பிடித்துத் தலையை ஜன்னல் கம்பியில் மோதினான். ஊசி பிடித்த கையைத் திருகினான். எலும்பு முறிந்த சத்தம் ரயில் ஓசையையும் மீறிக் கேட்டது. நான் என் ஊசியை அவன் கையில் குத்தினேன். அவன் விடவில்லை. மறுபடி மறுபடி குத்தினேன். கடைசியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவனைக் கீழே தள்ளி அமுக்கினோம்.

நெற்றியில் ரத்தம் வழிய அக்கா கேட்டார்: "நான் இங்க கீறன்னு யாரு சொன்னது?"

"நான்தான்க்கா."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லியிருக்கலாமே, பாப்பா."

அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். அக்காவுக்கு எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் இன்னும் சரியாக மடங்குவதில்லையாம். இப்போது பஸ்ஸில் போகிறாராம். எந்த பஸ் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.