செவ்வூரணிக்கு ஒன்பதாம் வகுப்பு வந்த கதை

செவ்வூரணி நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் மறுநாளே மிளகாய்க் காட்டுக்கு வந்துவிடுவார்கள். பையன்களில் சிலர் சைக்கிள் மிதித்துச் சிக்கல் ஊருக்குப் படிக்கப் போவார்கள். அதிலும் பாதிப் பேர் தை மாதத்துக்குள் படிப்பை விட்டுவிட்டுக் கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போடப் போய்விடுவார்கள். இதைப் பற்றி ஊரில் யாரும் பேசிக்கொண்டதில்லை.

சோலையம்மாளும் பேசியதில்லை, 1999 ஏப்ரல் வரைக்கும். அந்த மாதம் அவள் மகள் ராக்கு எட்டாம் வகுப்பில் இரண்டாவதாகத் தேறி வீட்டுக்கு வந்தாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு எந்தக் காட்டுக்கும்மா?" என்று கேட்டாள். அழுதிருந்தால் சோலையம்மாள் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் மிளகாய்ப் பழம் பறிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் பால்சாமி பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம பள்ளிக்கூடத்துல ஒம்பதாப்பு ஏன் சார் இல்ல?"

பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கும் பால்சாமியிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. அவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார்.

"கேட்டாத்தானம்மா குடுப்பாக."

"யாரு கேக்கணும்?"

"பெற்றோர் ஆசிரியர் கழகம் தீர்மானம் போடணும். கட்டடத்துக்கு இடம் குடுக்கணும். ஊர்ப் பங்குன்னு ஒரு லட்ச ரூவா கட்டணும்."

"அந்தக் கழகத்துல யாரு சார் இருக்கா?"

"நீதாம்மா இருக்க. ஒம் மகன் மருதுபாண்டி நாலாப்புப் படிக்கிறான்ல? இங்கன பிள்ளையச் சேத்த அம்புட்டுப் பேரும் அதுல ஆளுதான்."

சோலையம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பத்து நான்கு வயது வரை தான் எதிலும் ஒரு ஆள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வரப்பில் ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்குத் திரும்பியவள் தூரத்திலிருந்தே கூவினாள்.

"ஏடி பூமயிலு! நாமெல்லாம் கழகத்துல இருக்கோமாம்டி!"

பூமயில் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எந்தக் கட்சி?"

காடே சிரித்தது. சிரித்து முடித்ததும் சோலையம்மாள் விளக்கினாள். கேட்கக் கேட்க ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு ராக்கு இருந்தாள்.

ஊரில் நிலபுலன் நிறைய உள்ள பெரிய சம்சாரி செல்லச்சாமிதான் பதினான்கு வருடமாகக் கழகத் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கழகம் என்றால் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தார். ஜூலையில் பால்சாமி கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியபோதும் வழக்கம்போல ஏழெட்டுப் பேரோடு டீ குடித்துவிட்டு வரலாம் என்றே வந்தார். வந்து பார்த்தால் பள்ளிக்கூட வராண்டா கொள்ளாமல் வேப்பமரம் வரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அவர் காட்டில் வேலை பார்க்கிறவர்கள்.

"என்ன சார், இங்கன மண்ணெண்ண ஊத்துறாகளா?" என்றார் செல்லச்சாமி.

சோலையம்மாள் எழுந்தாள். குரல் எப்படியோ நிமிர்ந்து வந்தது. "அய்யா, நம்மூருக்கு ஒம்பதாப்பு வேணும். பத்தாப்பும் வேணும். தீர்மானம் போடுங்க."

"போட்டுட்டாப் போச்சு. இடத்துக்கு எங்கத்தா போறது?"

பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கிடந்த மேட்டு நிலம் செல்லச்சாமி குடும்பத்துடையது. அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அந்த மேட்டைப் பார்த்தார்கள். அவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து பூமயிலின் குரல் கேட்டது.

"தலைவர் பதவியச் சோலைக்குக் குடுத்துருங்கய்யா. இடத்த அவ தேடட்டும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேப்பமரத்தடி முழுக்கக் கைகள். பால்சாமிக்கு வேர்த்துவிட்டது. செல்லச்சாமி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சரித்தா. நீயே ஒக்காந்து பாரு. ஒக்காந்தாத் தெரியும்."

அவருடைய டிவிஎஸ் வண்டி வாசலைத் தாண்டியதும் பெண்கள் போட்ட குலவைச் சத்தம் ஊரணிக்கரை வரை கேட்டது.

அந்த வருடம் செல்லச்சாமியின் காட்டில் சோலையம்மாளைக் களை வெட்டக் கூப்பிடவில்லை. "ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்று புருஷன் இருளாண்டி முனகினான். அவள் வேறு காடுகளுக்குப் போனாள், போன இடமெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினாள். லட்ச ரூபாய்க்கு வழி சொன்னது ஊர்க்கூட்டத்தில் பூமயில்தான். காசு கேட்டால் யாரிடமும் இருக்காது, மிளகாய் வற்றல் கேட்டால் எல்லாரிடமும் இருக்கும் என்றாள். பறிப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மூடை. கூலிக்கு வற்றல் வாங்கியவர்கள் சேர்ந்து ஒரு மூடை. இருளாண்டி முனகிக்கொண்டேதான் இருந்தான், ஆனால் அத்தனை மூடைகளையும் லாரியில் ஏற்றிப் பரமக்குடி மண்டிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். இரண்டு மகசூலில் ஊர்ப் பங்கு சேர்ந்துவிட்டது.

இடம்தான் இல்லை. சோலையம்மாள் செல்லச்சாமி வீட்டு வாசலுக்கு எத்தனையோ தடவை போய் வந்தாள். அவர் மோர் கொடுத்து அனுப்பினார், பதில் கொடுக்கவில்லை.

2001 ஐப்பசியில் ஒருநாள் பால்சாமி ராமநாதபுரம் கல்வி அலுவலகத்திலிருந்து மூச்சு வாங்க வந்தார். "காரியம் கெட்டுச்சும்மா. வடக்கூர்க்காரங்களும் உயர்நிலைப் பள்ளி கேட்டிருக்காங்க. இடம் தாரதாச் சொல்லிட்டாங்களாம். இந்தப் பக்கத்துக்கு ஒண்ணுதான் குடுப்பாங்களாம்."

சோலையம்மாள் அடுத்த நிமிடம் களத்து மேட்டை நோக்கி ஓடினாள். செல்லச்சாமி அங்கே விதை நெல் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, வடக்கூருக்குப் பெரிய பள்ளிக்கூடம் வரப்போகுதாம்!"

அவர் கை நின்றது. "எங்க?"

"வடக்கூருக்கு. இடம் குடுத்துட்டாகளாம்."

"வடக்கூருக்கா?" கோயில் முதல் மரியாதையில் தொடங்கிக் கண்மாய்த் தண்ணீர் வரை இரண்டு ஊருக்கும் அவர் தாத்தா காலத்திலிருந்து வழக்கு. "நம்ம பிள்ளைக அவெங்க ஊருக்குப் போயிப் படிக்கணுமாக்கும்? அவெங்க ஊரு மணியடிச்சா நாம எந்திரிக்கணுமாக்கும்?"

"அதான் ஓடி வந்தேன்."

செல்லச்சாமி காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். சோலையம்மாள் பின்னாலேயே ஓடினாள். உள்ளே நுழைந்ததும் மனைவி வீரலட்சுமியைக் கூப்பிட்டார். மேட்டு நிலம் சீதனமாக வந்தது, பத்திரம் அந்த அம்மாள் பேரில் இருந்தது.

"ஏ, பள்ளிக்கூடத்துப் பக்கத்து நெலத்த எழுதிக் குடுத்துருவோமா?"

வீரலட்சுமி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "இத்தன நாளா எங்கிட்டக் கேட்டிருந்தா எப்பவோ குடுத்திருப்பேன். நானும் எட்டாப்போட நின்னவதானே." சோலையம்மாள் பக்கம் திரும்பினாள். "நீயாவது நேரா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லத்தா? நீ குடிச்ச மோரக் கலக்கிக் குடுத்ததே நான்தான்."

சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

அந்த வாரமே ஒரு வேன் பிடித்துக் கடலாடி பத்திர ஆபீசுக்குப் போனார்கள். வழியெல்லாம் செல்லச்சாமி டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். 2002 ஜூனில் உத்தரவு வந்தது. செவ்வூரணி, அரசு உயர்நிலைப் பள்ளி. பால்சாமி அதை வாசித்தபோது ஒருவருக்கும் முழுதாகக் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல்.

முதல் ஒன்பதாம் வகுப்பில் ராக்குவும் உட்கார்ந்தாள். மூன்று வருடம் காட்டு வேலை பார்த்தவளுக்கு இப்போது பதினாறு வயது. தாவணி கட்டியிருந்தது அவள் ஒருத்திதான். சின்னப் பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள்.

பள்ளிக்கூடம் வந்தது, கணக்கு வாத்தியார் வரவில்லை. பணியிடம் காலியாகவே கிடந்தது. சோலையம்மாள் கழகத்தைக் கூட்டினாள். மறுபடியும் வீட்டுக்குக் கொஞ்சம் வற்றல் போட்டு, சிக்கலிலிருந்து தாஜுன்னிசாவை ஆசிரியையாக அழைத்து வந்தார்கள். கணக்குப் பட்டம் படித்த பெண், இருபத்து நான்கு வயது.

"சம்பளம் முன்ன பின்ன ஆனாலும் இன்ஷா அல்லாஹ் நான் வந்துருவேம்மா. பிள்ளைங்க வரணும்" என்றாள் தாஜுன்னிசா.

பிள்ளைகளை வரவழைப்பது சோலையம்மாளின் வேலை ஆனது. மாசி, பங்குனியில் மிளகாய் பழுத்தால் வகுப்பு காலியாகிவிடும். அவள் காடு காடாகப் போய்ப் பிள்ளைகளின் கையிலிருந்த ஓலைப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏலே, பள்ளிக்கூடத்துக்கு ஓடு. ஒன் நெரைய நான் பறிக்கிறேன்." பெற்றவர்கள் திட்டினால் திருப்பித் திட்டினாள். வடக்கூர்ப் பிள்ளைகளையும் அவளே போய்ச் சேர்த்து வந்தாள். முதலில் முகம் சுளித்த செல்லச்சாமி, தலைகள் கூடினால்தான் வாத்தியார்கள் கிடைப்பார்கள் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

2004 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு. சிக்கலில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் ஒரு சின்னக் கடை. அதன் வாசலில் செவ்வூரணியே வந்து நின்றது. உள்ளே தாஜுன்னிசா பதிவெண்களோடு உட்கார்ந்தாள். முதல் எண்ணைத் தட்டும்போது கரண்ட் போனது. "அய்யய்யோ!" என்று ஒரு கூப்பாடு தெருவெல்லாம் பரவியது. பூமயில் முனியசாமிக்குத் தேங்காய் நேர்ந்தாள். செல்லச்சாமி மின்சார ஆபீசை வைய ஆரம்பித்து முடிப்பதற்குள் ஃபேன் சுற்றியது.

தாஜுன்னிசா ஒவ்வொரு பெயராகக் கத்தினாள். "பாஸ்!" ஒவ்வொரு கத்தலுக்கும் வாசலில் ஒரு குலவை. இருபத்து மூன்று பேர் எழுதியதில் பத்தொன்பது பேர் தேறியிருந்தார்கள். சோலையம்மாள் அத்தனை பேரையும் கட்டிப்பிடித்தாள், யார் பிள்ளை என்று பார்க்கவில்லை. முதல் மதிப்பெண் யார் என்று செல்லச்சாமி கேட்டார்.

"உம்மு ஹபீபா. நானூத்து நாப்பத்தொண்ணு."

"யாரு மக?"

"வடக்கூரு."

ஒரு கணம் அவர் மீசை துடித்தது. பிறகு கையிலிருந்த சரவெடியைப் பற்ற வைத்தார். "எந்த ஊரா இருந்தா என்ன, நம்ம பள்ளிக்கூடம்ல!"

புகை அடங்கிய பிறகுதான் சோலையம்மாள் மகளைத் தேடினாள். ராக்கு சைக்கிள் கடைப் பக்கம் தனியாக நின்றாள்.

"அறிவியல் போச்சும்மா. நாலு மார்க்குல."

சோலையம்மாள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்குள் தாஜுன்னிசா கடையிலிருந்து ஓடி வந்தாள். "அடுத்த மாசமே திரும்ப எழுதலாம் ராக்கு. நாலு பேரும் நாளைக்குக் காலையில வகுப்புக்கு வாங்க. லீவெல்லாம் கிடையாது."

நான்கு பேரும் போனார்கள். ஆசிரியை லீவிலும் பஸ் ஏறி வந்தாள். ஜூலையில் முடிவு வந்தபோது மூன்று பேர் தேறினார்கள், ராக்குவுக்கு அறிவியலில் ஐம்பத்திரண்டு. நான்காவது பையன் இன்னொரு தடவை எழுதித் தேறினான்.

பதினொன்றாம் வகுப்புக்குச் சிக்கல் பஸ்ஸில் செவ்வூரணியிலிருந்து ஏழு பெண்பிள்ளைகள் ஏறினார்கள். நிறுத்தத்தில் ஊரே நின்றதால் கண்டக்டர் திருவிழாவோ என்று கேட்டார். "ஏறுங்க, ஏறுங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு!" என்று சோலையம்மாள் எல்லாரையும் தள்ளி ஏற்றினாள். கடைசியாக ஏறிய ராக்கு ஜன்னல் வழியே தலையை நீட்டி, சாயங்காலம் பசிக்கும், கொழுக்கட்டை வேண்டும் என்று கத்தினாள். பஸ் கிளம்பிவிட்டது. "செஞ்சு வைக்கிறேன்!" என்று கத்திக்கொண்டே சோலையம்மாள் கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள்.