ஏழு நாள் ஜெல்லும் சூசை அண்ணாச்சியின் காலும்

வேலை முடிந்ததும் சுவடில்லாமல் கரைந்துபோகும் பொருளைச் செய்வதுதான் எங்கள் தொழில். ஆராய்ச்சிக்கூடத்தில் கண் பூத்துப்போனவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

ஆறு வருடம்

புண்ணின் மேல் போடும் ஹைட்ரோஜெல்லைக் கடற்பாசிச் சத்திலிருந்து செய்கிறேன். கால்சியத்தைக் கூட்டினால் இறுகும், குறைத்தால் இளகும். ஏழு நாள் நின்று, தானே கரைய வேண்டும். இந்தப் பதம் பிடிபடவே ஆறு வருடம் ஆயிற்று. அனுமதியெல்லாம் வாங்கி, தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனைக்குச் சோதனைக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் பாத்திமா டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“கடல்பாசிதானக்கா? நோன்புக்கு எங்க வீட்டுல அரை மணி நேரத்துல காச்சிருவோம்லா!”

இரண்டாம் நாள்

முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் சூசை அண்ணாச்சி. முப்பது வருடம் சங்கு குளித்தவர். சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண். இந்த மருந்தாவது கேட்டால் கால் தப்பும் என்றார் டாக்டர்.

மற்றவர்களுக்கு ஏழு நாள் நின்ற ஜெல் இவருக்கு மட்டும் இரண்டாம் நாளே காணாமல் போனது. கால்சியத்தைக் கூட்டினேன். மூன்றாம் நாள் காணோம். இன்னும் கூட்டினேன், விறைத்துப்போய்ப் புண்ணை உரசியது. என் ஆராய்ச்சிக்கூடத்துக் குடுவையில் மட்டும் சமர்த்தாக ஏழு நாள் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார்.

“என்னத்துக்கு வெசனப்படுதீய? ஒங்க மருந்தும் என்னைய மாதிரி, ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கு.”

காலை ஆறு மணி

ஒரு மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போகத் தோன்றியது. ஆள் வீட்டில் இல்லை, கடற்கரையில் இருந்தார். புண்ணில் போட்டிருந்த கட்டைப் பதனமாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தார். தினமும் இப்படித்தானாம்.

கால்சியத்தின் பிடியைக் கடலுப்பு அவிழ்த்துவிடும், ஜெல் கரைந்துபோகும். முதல் வருடப் பாடம் அது. நோயாளிகளிடம் கேட்டு நிரப்பும் எங்கள் படிவத்தில் பத்துப் பக்கக் கேள்விகள் இருந்தன. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நாசரேத் ஊர்க்காரியான எனக்கு, கடல் தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை. சத்தம் போட்டேன். அவர் மிரண்டுபோய்க் கரையேறினார்.

“காயம்னா கடல்லதான கழுவணும்? சங்கு கீறுனாலும் திருக்கை குத்துனாலும் இதுலதாம்மா ஆத்துனோம்.”

வார்டு

அதற்குள் சீழ் எலும்புக்கு இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது, தட்டையாகக் கிடந்த போர்வையைப் பார்க்கத் துணிவில்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேம்லா, தாயி.”

இப்போது எங்கள் படிவத்தின் முதல் கேள்வி ‘புண்ணை எதில் கழுவுகிறீர்கள்?’ என்பதுதான்; அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஆறு வருடப் படிப்பு போதாமல், சூசை அண்ணாச்சியின் காலும் தேவைப்பட்டது.