ஆகஸ்டில் சொன்ன வாக்கு

நடந்தது இதுதான்.

1. ஆகஸ்டில், மாதா திருவிழா அன்று, கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவை இந்த வருஷம் நான்தான் வைக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.
2. டிசம்பர் தொடக்கத்தில் அம்மா சட்டம் போட்டார். எழுப்பாமலே காலையில் எழ வேண்டும், மறைக்கல்வி வகுப்புக்குத் தவறக் கூடாது, சண்டை கூடாது. ஒழுங்காக நடக்கிற பிள்ளைதான் குழந்தையை வைக்கும்.
3. அண்ணன் எல்லாவற்றையும் கடைப்பிடித்தான்.
4. நான் அண்ணனைக் கடித்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் குடில் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி முன்னறையில் இருக்கும். தட்டில் முளைக்க வைத்த கேழ்வரகுதான் அதில் புல். சூசையப்பர், மாதா, ஆடு மாடு பொம்மைகள் எல்லாம் வந்துவிட, நடுவில் வைக்கோல் மட்டும் காலியாகக் கிடக்கும். அந்த இடத்துக்கு நீளும் கை யாருடையது என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயமல்ல.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், அண்ணன்தான் வைப்பான் என்று அம்மா அறிவித்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாதம் நான் போன ஒரே மறைக்கல்வி வகுப்பில் கேட்டது நன்றாக நினைவிருந்தது. கடவுள் ஆபிரகாமுக்கு வாக்குக் கொடுத்தது முதலில். மோசே வழியாகச் சட்டம் வந்தது பல நூறு வருஷம் கழித்து. பின்னால் வந்த சட்டம் முன்னால் கொடுத்த வாக்கை ரத்து செய்யாது என்று திருத்தூதர் பவுல் எழுதியிருக்கிறார்.

"அப்பா ஆகஸ்ட்லயே சொல்லிட்டாரு. நீ டிசம்பர்லதான் சட்டம் போட்ட. உன் சட்டம் அப்பா வாக்க அழிக்காதும்மா. பவுலே சொல்லியிருக்காரு."

"அண்ணன் கையில பல்லு பதிஞ்சிருக்கே, அதப் பத்தி பவுல் ஒண்ணும் சொல்லலையாடி?" என்றார் அம்மா.

கடித்ததை நான் மறுக்கவில்லை. வாக்குக் கொடுத்தபோது கடிக்கக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை என்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். அடி விழும் என்று தெரியும். குடிலை விட்டு நகரவில்லை.

வாசலில் நட்சத்திரத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த அப்பா, ஸ்டூலிலிருந்து இறங்காமலே சொன்னார்: "சொல்லிட்டேன்ல. அவதான் வைப்பா."

அண்ணன் அழவில்லை. "அப்ப நான் எதுக்குப்பா தெனமும் எழுந்தேன்?" என்று கேட்டான். அப்பா வயரை ஆணியில் சுற்றினார்.

வாதாடி ஜெயித்துவிட்டதாகவே வெகுநாள் நம்பினேன். வாயே திறக்காமல் நின்றிருந்தாலும் அப்பா அதையேதான் சொல்லியிருப்பார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க விதிகளோடுதான் பிழைப்பு. ஆனாலும், நல்ல பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்குப் போகிறேன். அண்ணன் ஒவ்வொரு டிசம்பரிலும் அதே கேள்வியைக் கேட்கிறான். அந்த வருஷத்திலிருந்து குழந்தையை நான்தான் வைக்கிறேன்.