முகம் பார்த்து நின்ற ஹெலிகொப்டர்

சுன்னாகத்தில், வெங்காயம் கிண்டி எடுத்து முடிந்த தோட்டமொன்றில் ஒரு தாதியைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்த வெள்ளைச் சீருடையோடு, ரிமோட்டில் ஒரு சிறிய ஹெலிகொப்டரைப் பறக்கவிடப் பழகிக்கொண்டிருந்தார். காலைப் பனிக்குள் அது தும்பிபோல மிதந்தது. வாலைக் காட்டியபடி பறந்தால் சொன்னபடி கேட்டது. முகம் அவர் பக்கம் திரும்பினாலோ இடம் வலமாகிவிடும், கை குழம்பும், விழும். ஒவ்வொரு முறையும் மண்ணை ஊதித் துடைத்துவிட்டு, மறுபடியும் முகத்தையே திருப்பினார்.

"வால்ப்பக்கத்தைப் பாத்து ஓட்டினா லேசுதானே, தங்கச்சி?" என்றேன்.

"சின்னனிலை, சண்டை நேரம், உந்த ஹெலிச் சத்தம் கேட்டா பங்கர்க் குழிக்குள்ளை ஓடிடுவம், அண்ணை. உதின்ரை முகத்தை ஒருநாளும் வடிவாப் பாக்கேல்லை."

அடுத்த முறை அது அவர் கண்ணுக்கு நேரே வந்து, அசையாமல் நின்றது. அவரும் அசையவில்லை. நான்தான், எனக்கே தெரியாமல், இரண்டடி பின்வாங்கியிருந்தேன்.