மூடித் தண்ணீர்

செஞ்சியில் அருவியா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அடைமழை விட்டதும் வந்து பார்க்கட்டும். மொட்டைப் பாறைகளிலிருந்தெல்லாம் வெள்ளையாகத் தண்ணீர் இறங்கும். அதைப் பார்க்கப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இருந்த கடைசி மழைக்காலம் அது.

அவருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். கூடக் குடித்தால் தண்ணீர் நெஞ்சில் கட்டி மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். அது என் பையில்தான் இருக்கும். கேட்கும்போது மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். வயலில் மோட்டார் தண்ணீரில் வாயை வைத்து வயிறு முட்டக் குடித்த மனுஷன்.

"குடிக்க முடியாத தண்ணிய போய்ப் பாத்து இன்னா பண்ணப் போறீங்க?" என்று கத்தினேன்.

"மெஷின் இல்லாத நாளுதான. இட்டுனு போயேம்மா."

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடை ஓரமாகவே நடந்தோம். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வழியில் ஒரு ஆள் இல்லை. முதல் அருவியில் ஒரு மூடி கேட்டார், கொடுத்தேன். அதை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அடுத்த அருவி வரைக்கும் நடந்தார்.

அங்கே ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண், "வெயில்ல வர்றீங்க, இந்தாங்கண்ணா, மலைத் தண்ணி, குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். அவர் கை தானாக நீண்டது. நான் சொம்பைத் தட்டிவிட்டேன்.

"உன் வேலயப் பாத்துனு போ!"

பாவம், அவள் முகம் சுருங்கிப்போனது. காரணம் சொல்லலாம்தான். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

மூன்றாவது அருவியில் எங்களைத் தவிர யாருமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கை அள்ளிக்கட்டுமா?"

"அள்ளிப் பாருங்க. நானும் இதுலயே உழுந்து செத்துடறேன்."

காலால் தண்ணீரை அளைந்தார். பிறகு, "சரி, நீ குடி" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"தெனமும் அடுப்பங்கரக் கதவச் சாத்திக்கினு குடிக்கிறியே, எனக்கு இன்னா, காதா கேக்காது? என் எதிர்க்க குடிடி. ஒரு தடவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தமே வராமல் குடிப்பதாக அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. பாழாய்ப்போன தண்ணீர், அவ்வளவு ருசி.

"எப்டி இருக்குது?"

"இன்னா இருக்குது, சப்புனு இருக்குது."

"பொய் சொல்லாத."

"ஜில்லுனு இருக்குது. இனிக்குதுங்க."

"இன்னும் குடி."

அள்ளி அள்ளிக் குடித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. வாயில் ஒன்றுமில்லை.